பக்கத்து அறையில் கேட்ட சத்தம்

மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது திரை. காட்டினேன். மேசைக்கு அடியைக் காட்டச் சொன்னது. காட்டினேன். கட்டிலுக்கு அடியையும் காட்டினேன். அங்கே இரண்டு பழைய சூட்கேசுகளும், தட்டுப்பாடு வரும் என்று அம்மா அள்ளிக்கொண்டு வந்து அடுக்கியிருந்த கழிப்பறைக் கடதாசிச் சுருள்களும் இருந்தன. ஒரு பரீட்சை எழுதுவதற்காக எங்கள் கட்டிலுக்கு அடியை முன்பின் தெரியாத யாருக்கோ காட்ட வேண்டியிருந்த காலம் அது.

கமரா சுவரில் இருந்த முருகன் படத்துக்கு வந்தபோது, திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. படத்துக்குப் பின்னால் நான் எதையாவது ஒட்டி வைத்திருக்கிறேனோ என்று அது யோசிப்பதாக எனக்குப் பட்டது. அது வெறும் மென்பொருள். அதற்கு யோசனையும் கிடையாது, முருகனும் கிடையாது. ஆனால் அந்த நாட்களில் எல்லாமே என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பதிலுக்கு நானும் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்தேன்.

பெருந்தொற்றின் முதல் குளிர்காலம். நான் கல்லூரி மாணவி, ஆனால் கல்லூரிக்குள் கால் வைத்து மாதக்கணக்காகியிருந்தது. மொன்றியலில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடியில் நானும் அம்மாவும் அப்பாவும் இருந்தோம். என் அறைக்கும் குசினிக்கும் இடையில் பேருக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

அதற்கு அப்பா ஒரு வழி செய்திருந்தார். அவர் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், குப்பிகளில் மாத்திரை நிரப்பும் இயந்திரத்தில் வேலை செய்தார். சத்தம் தாங்காமல் காதுக்குள் அடைத்துக்கொள்வதற்கு அங்கே செம்மஞ்சள் நிறத்தில் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். அதில் ஒரு சோடி கொண்டுவந்து தந்தார்.

"இதைப் போட்டாய் எண்டால் இடி விழுந்தாலும் கேளாது, பிள்ளை."

அவருக்கு அது இல்லாமலே பாதி கேளாது. அத்தனை வருட இயந்திரச் சத்தம்.

காதை அடைத்துக்கொண்டு தொடங்கினேன். உயிர்வேதியியல். எல்லாமே நான்கு விடைகளில் சரியானதைத் தெரிவு செய்கிற கேள்விகள். நன்றாக எழுதினேன். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நன்றாக எழுதியதே பிறகு எனக்கு வினையாக வந்தது.

சந்தேகப் புத்தி

போன கிழமை இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகப் புத்தி?" அவருக்கு என் பதில், இது நான் தேடிய சொத்து இல்லை, அம்மா வழியில் வந்தது.

எங்கள் வீட்டு மணி அடித்தால் அம்மா முதலில் கதவுக்குப் போகமாட்டார். திரைச்சீலையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார். பார்சல் கொண்டுவந்தவன் "பொன்ஜூர்" சொல்லி, பெட்டியை வைத்து, வாகனம் ஏறிப் போய், தெருமுனை திரும்பிய பிறகுதான் கதவு திறக்கும். தொலைபேசியில் யாராவது அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால், "அவ வீட்டில இல்லை" என்று அவரே சொல்வார். யார் என்று கேட்டால் "அவவின்ர தங்கச்சி" என்பார். அம்மாவுக்குத் தங்கை கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டு, கொழும்பில், நினைத்த நேரம் பொலிஸ் வந்து சோதிக்கும் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் விசாவுக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கதவு தட்டும் சத்தம் வேறு மாதிரித்தான் கேட்கும். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு பெருந்தொற்று வந்து முழு மொன்றியலையும் என் அம்மாவாக மாற்றிவிட்டது. தெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்காரர் நான் கொடுத்த காசை நுனிவிரலால் எடுத்து மருந்து தெளித்தார். பஸ்ஸில் ஒருவர் இருமினால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கோ இதெல்லாம் பழகிப்போன வேலை. பால் பைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துணிக்கொடியில் காயப்போட்டார். மேல் மாடிக்காரர் இருமுகிற இருமல் வறட்டு இருமலா சளி இருமலா என்று கூரையைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

கல்லூரியில் இருந்து கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் வரும். வீட்டுக்குள் முடங்கியிருக்கும் இந்தக் காலத்தைத் தனிப்பட்ட வளர்ச்சிக்குப் பயன்படுத்துங்கள் என்று அதில் இருக்கும். மாவைப் புளிக்க வைத்துப் பாண் சுடுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், மனதில் பட்டதை எழுதுங்கள். சக மாணவர்கள் சுட்ட பாணைப் படம் எடுத்துப் போட்டார்கள். எனக்கு அந்தக் குளிர்காலத்தில் வளர்ந்தது சந்தேகம் ஒன்றுதான்.

லொறிக்கார மாமா

குகன் மாமா அம்மாவின் ஒரே தம்பி. ரொறன்ரோவில் ஸ்கார்பரோவில் தனியாக இருந்தார். கலியாணம் கட்டவில்லை. மொன்றியல் துறைமுகத்தில் இருந்து கொள்கலன்களை லொறியில் ஏற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். அதனால் கிழமைக்கு ஒரு தரமாவது எங்கள் குசினியில் இருப்பார்.

தொற்று வந்த பிறகு அவரை மேலே வர அம்மா விடவில்லை. "நாலு இடம் போய் வாறவன்" என்று சொந்தத் தம்பியையே தெருவில் நிறுத்திவிட்டார். மாமா லொறியைத் துறைமுகப் பக்கம் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, எங்கள் பல்கனிக்குக் கீழே நிற்பார். அம்மா சோற்றையும் மீன்குழம்பையும் ஒரு பையில் வைத்து, சேலைக் கரையைக் கிழித்து முறுக்கிய கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். மாமா பையை அவிழ்த்து மணந்து பார்த்துவிட்டு, தெருவெல்லாம் கேட்கும்படி "அக்கா, உப்புக் காணாது" என்பார். அவர் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டார்.

பரீட்சை நாட்களில் காலையில் தவறாமல் எனக்கு அழைப்பார்.

"என்ன டொக்டர், இண்டைக்கு ஆரைக் கொல்லப் போறீர்?"

"மாமா, நான் டொக்டருக்குப் படிக்கேல்லை. மருந்தாளருக்குப் படிக்கப் போறன்."

"அதுவும் கொல்லுற வேலைதானே. போய் எழுதும், போய் எழுதும்."

நான் மருந்தியல் படிப்புக்குள் நுழைய வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரையும்விடப் பெருமையாக ஊருக்குச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். அதற்குள் நுழையப் புள்ளிகள் மட்டும் போதாது, பதிவும் சுத்தமாக இருக்க வேண்டும்.

உயிர்வேதியியல் பரீட்சையன்று காலையில் மாமா அழைக்கவில்லை. அதற்கு முன் இரண்டு கிழமைகளாகப் பல்கனிக்குக் கீழேயும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"வன்கூவருக்கு லோட் கொண்டு போட்டான். மலைக்குள்ள போன் எடுக்காதாம்."

மாமா வேலை செய்த நிறுவனம் வன்கூவருக்கு லொறி விடுவதில்லை. அது எனக்குத் தெரியும். சில நாட்களாகவே நான் துப்பறியத் தொடங்கியிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் ஒரு கலியாணம்

அம்மா நடையில் நின்று போனில் குசுகுசுக்கிறார். நான் கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பா வேலையால் வந்ததும் இருவரும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதைக்கிறார்கள். சாமி விளக்கு சில நாட்களாக ஏற்றப்படவில்லை. கேட்டால் எண்ணெய் முடிந்துவிட்டது என்கிறார் அம்மா. எண்ணெய்ப் போத்தல் அலுமாரியில் இருந்தது, நான் திறந்தே பார்த்தேன்.

கதவில் காதை வைத்ததில் துண்டு துண்டாகச் சில வசனங்கள் கிடைத்தன.

"பத்துப் பேருக்கு மேல விடமாட்டினமாம்."

"நல்ல படமாப் பாத்து அனுப்புங்கோ. சிரிச்சுக்கொண்டிருக்கிற படம் வேண்டாம்."

"பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. சோதனை முடியட்டும்."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ரொறன்ரோவில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். தொற்றைச் சாட்டிப் பத்துப் பேரோடு செலவில்லாமல் முடிக்கப் பார்க்கிறார்கள். என் படத்தை அனுப்பியாகிவிட்டது. மாமா இந்தக் கூத்துக்குள் இருப்பதால்தான் என் குரலைக் கேட்கத் துணிவில்லாமல் ஒளித்துத் திரிகிறார். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது.

குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, "நான் படிக்கவேணும், என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது" என்று மூன்று மொழிகளிலும் ஒத்திகை பார்த்தேன். பிரெஞ்சில் சொன்னபோது நன்றாக எடுபட்டது. அம்மாவுக்குத்தான் விளங்காது.

மின்னஞ்சல்

உயிர்வேதியியல் எழுதி முடித்து, காது அடைப்பானைக் கழற்றிவிட்டு அன்று குசினிக்கு வந்தபோது, அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா மேசையில் இருந்தார். வேலை நாளில் அவர் வீட்டில் நின்றதே அதிசயம். அம்மா திரும்பியபோது பார்த்தேன், இருவருக்கும் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார் அம்மா. அடுப்பில் சோறும் பருப்பும்தான் இருந்தன. வெங்காயத் தோல் ஒன்றைக்கூட நான் காணவில்லை. கலியாணப் பேச்சில் இரண்டு பேருக்கும் சண்டை என்று முடிவு கட்டினேன்.

இரண்டொரு நாளில் பேராசிரியையிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. என் பரீட்சைப் பதிவை மென்பொருள் சந்தேகத்துக்குரியது என்று குறித்திருக்கிறதாம். பரீட்சை நேரத்தில் பக்கத்தில் பல குரல்கள் கேட்டிருக்கின்றன. ஒருவர் எதையோ வாசிப்பதுபோல் இருக்கிறது. தொடர்ந்து தட்டும் சத்தம் வருகிறது. என் காதுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கருவி தெரிகிறது. முன்னைய பரீட்சையைவிடப் புள்ளிகளும் மிக அதிகம். காணொளியில் ஒரு சந்திப்பு வைத்திருக்கிறோம், விளக்கம் சொல்லலாம்.

பரீட்சையில் களவு என்று ஒருமுறை பதிவில் ஏறிவிட்டால் மருந்தியல் படிப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்ததும் காற்றில் போய்விடும்.

நான் குசினிக்குப் போய்க் கேட்டேன். "சோதனை நேரம் இஞ்ச ஆர் கதைச்சது?"

"ரேடியோ" என்றார் அப்பா.

"யூடியூப்பில கோயில் பூசை" என்றார் அம்மா, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேடியோவில பூசை" என்றார் அப்பா.

"விளக்கேற்ற எண்ணெய் இல்லாத வீட்டில என்ன பூசை?" என்று கேட்டேன். "என்னைக் களவெடுத்தவள் எண்டுறாங்கள், அம்மா. உண்மையைச் சொல்லுங்கோ. ஆரோடை கதைச்சீங்கள்?"

அம்மா அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "பூசை எண்டு சொல்லு. அதுதான் உண்மை. உந்தச் சந்திப்பைப் பேந்து வைக்கச் சொல்லேலாதோ? கடைசிச் சோதனை முடிய வைக்கச் சொல்லன்."

சந்திப்புக்கு அடுத்த நாள் எனக்குக் கடைசிப் பரீட்சை. என் எதிர்காலமே ஊசலாடும்போது அதுவரைக்கும் பொறு என்கிறாரே என்று அம்மா மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு கதைத்ததை மறைப்பதற்காக என்னைப் பலி கொடுக்கிறார் என்றே நம்பினேன்.

உரல்

திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேராசிரியை. அவருக்குப் பின்னால் புத்தக அலுமாரி, அதன் மேல் ஒரு பூனை. மற்றவர் கல்லூரியின் ஒழுங்குக் குழுவைச் சேர்ந்த மனிதர், மிகவும் மரியாதையானவர். மரியாதையாகப் பேசுகிறவர்களை எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிப்போம்.

காது அடைப்பானைக் கமராவுக்குக் காட்டினேன். அமுக்கி விரித்தும் காட்டினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அந்த மனிதர், "ஒலியைப் போடுகிறேன், கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முதலில் ஓர் ஆண் குரல். சுவரைத் தாண்டி வந்ததால் சொற்கள் மங்கிப்போயிருந்தன. ஒரே வேகத்தில், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறது. நிறுத்துகிற இடங்களில் இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொல்கிறது.

"ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்ப்பதுபோல எங்களுக்குக் கேட்கிறது" என்றார் அவர்.

"அது கோயில் பூசை" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"இருக்கலாம். ஆனால் இதற்குப் பிறகு வருவதைக் கேளுங்கள். இதுதான் எங்களுக்குப் பிரச்சினை. தெரிவு வினாக்களில், இப்படித் தட்டி விடையைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது."

டொக். டொக். டொக். கட்டையில் கட்டை படுகிற சத்தம். அதோடு சேர்ந்து சில பேர் இழுத்துப் பாடுகிறார்கள். பாட்டு நிற்கிறது, இடியும் நிற்கிறது. பாட்டு தொடங்குகிறது, இடியும் தொடங்குகிறது.

இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

அந்தச் சத்தம் கோயிலின் அன்றாடப் பூசையில் கேட்காது. கலியாண வீட்டில் கேட்காது. எங்களுடைய சைவ ஆட்களின் செத்தவீட்டில்தான் கேட்கும். உடலைக் கிடத்திக் கிரியை செய்யும்போது, சிறிய உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு உலக்கையால் இடித்தபடி பதிகம் பாடுவார்கள். சுண்ணம் இடித்தல் என்று பெயர். சின்ன வயதில் அம்மா அப்பாவோடு இங்கே செத்தவீடுகளுக்குப் போய், மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து அதைக் கேட்டிருக்கிறேன். வாசிக்கிற குரல் ஐயருடையது. திருப்பிச் சொல்கிறவர் கொள்ளி வைக்கிறவர்.

பத்துப் பேருக்கு மேல் விடமாட்டார்கள். நல்ல படமாகப் பார்த்து அனுப்புங்கள். சிரிக்கிற படம் வேண்டாம்.

"இது என்ன சத்தம் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று பேராசிரியை கேட்டார்.

"உரல்" என்றேன் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "இது ஒரு மரணச் சடங்கு" என்றேன்.

"யாருடையது?"

"எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள். கேட்டுச் சொல்கிறேன்."

கதவைத் திறந்தேன். அம்மா வாசலிலேயே நின்றார். கையில் துடைக்கிற துவாய் இருந்தது.

"அம்மா, ஆர்?"

"என்ன ஆர்?"

"சுண்ணம் இடிக்கிறது கேக்குது. ஆருக்கு?"

அம்மா என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். "நாளைக்கு உனக்குச் சோதனை இருக்கெல்லே."

"அம்மா."

"எழுதிப்போட்டு வா. சொல்லுறன்."

"மாமாவோ?"

அவர் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "கமரா போட்டிருக்கு, பிள்ளை" என்றார் மெதுவாக. "அதை நிப்பாட்டிப்போட்டு வா."

நான் நிற்பாட்டவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். "என் மாமாவுடையது" என்றேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். மற்றவர் கேட்டார்: "பரீட்சை எழுதும்போது இது உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"எப்போது தெரிந்தது?"

"இப்போது."

அவர் என்னை நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் வேலை அப்படி. ஏதாவது அறிவித்தல் இருந்தால் காட்ட முடியுமா என்று மிகவும் தயங்கிக் கேட்டார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்கள் இணையத்தில் வரும். மாமாவின் பெயரைத் தட்டினேன். என் திரை அவர்களுடைய திரையிலும் தெரிந்துகொண்டிருந்தது. ஊதா நிறக் கரை போட்ட சட்டத்துக்குள் குகன் மாமா சிரிக்காமல் இருந்தார். பாசமிகு மருமகள் என்று என் பெயரும் கீழே இருந்தது. அதை நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அம்மாவின் நியாயம்

என் மீது குற்றம் இல்லை என்று அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாமல் வைத்திருந்ததால் நான் தப்பினேன். ஆனால் அப்படித் தெரியாமல் வைத்திருந்ததால்தான் மாட்டுப்பட்டதும்.

அப்பா வேலையால் வந்து எல்லாம் சொன்னார். மாமாவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சில நாட்களில் மூச்சுக் குழாய் போட்டிருக்கிறார்கள். ஒரு தாதி போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா குளியலறைக்குள் இருந்து தம்பியைப் பார்த்திருக்கிறார். மாகாணம் விட்டு மாகாணம் போகவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். இருந்த பத்து இடமும் ரொறன்ரோ ஆட்களுக்கே போதவில்லை. கிரியை நேரமும் என் பரீட்சை நேரமும் ஒன்றாக வந்துவிட்டது. குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்து நேரலையில் பார்த்திருக்கிறார்கள்.

"எனக்குக் காது கேளாது, அதாலை சத்தத்தைக் கூட்டினனான்" என்றார் அப்பா. "கொம்மா துவாயை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு இருந்தா. உனக்குக் கேட்டிடும் எண்டு."

சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சாவு சொல்லக்கூடாது. எங்கள் ஆட்களிடம் இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத சட்டம். ஊரே சேர்ந்து வாயைப் பொத்தும். பிள்ளை கடைசித் தாளை எழுதிவிட்டு வாசலுக்கு வர, அங்கே வைத்துச் சொல்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நடந்தபோது, பாவம், நல்லதுக்குத்தானே என்று நானும் சொன்னவள்தான். எனக்கு நடந்தபோது வந்த கோபத்தைப்போல் ஒரு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தால் எழுதியிருப்பியோ?"

"அது நான் எடுக்கவேண்டிய முடிவு."

"எனக்கும் உப்பிடித்தான் செய்தவை" என்றார் அம்மா. "ஏ.எல். சோதனைக்குள்ளதான் என்ர அப்பா செத்தவர். நான் ரியூசன் ரீச்சர் வீட்டில நிண்டு எழுதினனான். கடைசிச் சோதனை முடியத்தான் கூட்டிக்கொண்டு போனவை. எரிச்சு முடிஞ்சுது. ஆனால் நான் நல்லா எழுதினனான். பாஸ் பண்ணினனான்."

இதை அவர் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"அதுக்குப் பிறகு ஆரையாவது நம்பினீங்களோ, அம்மா?"

அம்மா யோசித்தார். "உன்ர கொப்பரை" என்றார், அப்பா இருந்த பக்கம் பார்த்து. "அதுவும் கொஞ்சம்."

திரைச்சீலை ஓரம், இல்லாத தங்கை, கழுவிக் காயப்போட்ட பால் பை. எல்லாவற்றுக்கும் நான் கொழும்பு லொட்ஜைத்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் முன்னால், அன்பான மனிதர்கள் ஒரு வீடு முழுக்கச் சேர்ந்து அவருக்குச் சிரித்த முகத்தோடு தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்த ஒரு கிழமை இருந்திருக்கிறது.

கடைசிப் பரீட்சை

அன்றிரவே, பரீட்சையைப் பிற்போட முடியுமா என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். நெருங்கிய குடும்பத்தில் மரணம் என்றால் முடியும் என்று பதில் வந்தது. தாய், தகப்பன், சகோதரம் எல்லாம் நெருங்கிய குடும்பம். மாமா இல்லை.

காலையில் அம்மா எனக்கு முன்னமே எழும்பி, என் மேசையைத் துடைத்து, தண்ணீர்ப் போத்தலை வைத்து, காது அடைப்பானையும் பக்கத்தில் வைத்திருந்தார். நான் மடிக்கணினியைக் குசினிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"இஞ்ச இருந்தோ எழுதப் போறாய்?"

"இல்லை. மாமாவின்ர கிரியையைப் போடுங்கோ. நான் பாக்கவேணும்."

"பிள்ளை, சோதனை..."

"நான் எழுதேல்லை, அம்மா."

அந்தப் பரீட்சையில் எனக்குப் பூச்சியம். அந்தப் பாடத்தைத் திரும்பவும் முழுதாக எடுக்க வேண்டியிருந்தது. மருந்தியலுக்குள் நுழைந்ததும் ஒரு வருடம் பிந்தித்தான். இவையெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் கதிரையில் இருந்தேன். என்னைப் பற்றி நான் எடுத்த முதல் பெரிய முடிவு அதுதான். கல்லூரியின் கிழமை மின்னஞ்சல் சொன்ன வளர்ச்சி அதுவோ என்னவோ, எனக்குத் தெரியாது.

நேரலையின் பதிவு இருந்தது. அம்மா அதைத் தொடக்கத்தில் இருந்து ஓடவிட்டார். பெரிய மண்டபம், வெறும் கதிரைகள், முகக்கவசம் போட்ட சில பேர். பெட்டிக்குள் மாமா. ஐயர் சொல்ல, கொள்ளி வைக்கிற பெறாமகன் முறையான பெடியன் திருப்பிச் சொன்னான். அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இப்போது தொடங்கினாலும் எனக்கு எழுத நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போடுகிறார் என்று விளங்கியது.

பிறகு உரல் வந்தது. உலக்கையின் முதல் இடி விழுந்ததும், அம்மாவின் கை தன்பாட்டில் எழும்பி, மடியில் கிடந்த துவாயைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனது. எங்கள் பெண்கள் செத்தவீட்டில் மண்டபம் அதிர அழுகிறவர்கள். என் அம்மா தன் ஒரே தம்பிக்கு இன்னும் ஒருதரமும் சத்தம் போட்டு அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் துவாயைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"அழுங்கோ, அம்மா" என்றேன். "நான் ஒண்டும் எழுதேல்லை."

அதற்குப் பிறகுதான் அம்மா தன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.